இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

அக்கா மாத்திரை அட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தோம். வெள்ளித் தாள் கிழிந்து, மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. குனிந்து தேடப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நீயே எடுத்துக் குடு குட்டி. எனக்கு அது சிக்காது."

எடுத்துக் கொடுத்தேன். "தினமும் இப்பிடித்தான் கடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"உங்க மச்சான் இருந்தா பிரிச்சுக் குடுப்பாரு. அவரு வெள்ளனே லோடுக்குப் போயிருறாரே. வெரலுக்குப் பலம் இல்லடி, என்ன செய்ய?"

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் சலவைக் கூடத்தில் அக்காவுக்கு வேலை. விடுதிப் பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் பதினெட்டு வருடமாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியின் பின்பக்கம் பணியாளர்களுக்கு விட்டிருந்த ஓர் அறையில் அவளும் மச்சானும் குடியிருந்தார்கள். அந்த அறையை அவள் 'காம்பரா' என்பாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பத்து வயதில் கப்பலேறி வந்தவள். நான் இந்த மலையில், அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்கு வந்து சேர்ந்த பிறகு பிறந்தவள். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது இரண்டு வருட இடைவெளியில் அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் எனக்கு அக்காதான். பிள்ளை இல்லாத அவளுக்கும் மச்சானுக்கும் நான்தான்.

அந்தக் காலத்தில் நான் மதுரையில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மருந்தாகக்கூடிய புது மூலக்கூறுகளைக் கணினியில் வரைந்து, உடலில் இருக்கும் ஒரு நொதியின் குழிக்குள் அவை எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்து, நன்றாகப் பொருந்துவதை ஆய்வகத்தில் செய்து பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கு அது. எங்கள் துறைக்கே ஒரு நல்ல கணினிதான். முறை வைத்து உட்காருவோம்.

நான் எடுத்துக்கொண்ட நொதிக்கும் அக்காவின் மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவளுக்கு முடக்குவாதம். மதுரையில் ஒரு மூட்டுநோய் மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. மிகக் குறைந்த அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுத்தால் மூட்டு வீக்கத்தை அடக்கும். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் பார்ப்பதற்கு அந்த வைட்டமின் போலவே இருக்கும். ஓர் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன், அதற்குச் சற்றுத் தள்ளி கூடுதலாக ஒரு கார்பன், அவ்வளவுதான் வித்தியாசம். நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், பிடித்த பின் விட முடியாது. அளவு மீறினால் நல்ல உயிரணுக்களும் பெருக்கம் நின்று சாகும். முதலில் வாயும் குடலும், பிறகு எலும்பு மஜ்ஜை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த மருந்தில் மூன்று, மற்ற ஆறு நாளும் ஃபோலிக் அமிலம் ஒவ்வொன்று என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளில் நஞ்சு குறைந்த ஒன்றைச் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் இரண்டையும் அணு அணுவாக வரைந்து காட்டுவேன்.

அன்று அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தேன். மாதாமாதம் மலையேற முடியாது என்று ஐந்து மாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டை மொத்தமாக வாங்கி வந்திருந்தேன். ஃபோலிக் அமிலம் மலையிலேயே கிடைக்கும் என்பதால் இரண்டரை மாதத்துக்கு மட்டும். என் பையில் கல்லூரி ஆய்வகத்தில் மிச்சமாகிப்போன பிளாஸ்டிக் குப்பிகள் இரண்டு இருந்தன, வெள்ளை மூடி போட்டவை. எல்லா அட்டைகளையும் பிரித்து மாத்திரைகளைக் கொட்டினேன். ஒரு காகிதத்தில் 'ஞாயிறு – மூன்று' என்றும், இன்னொன்றில் 'தினமும் – ஒன்று' என்றும் பெரிதாக எழுதி, குப்பிகளோடு கொண்டுவந்திருந்த ஆய்வகப் பசை தடவி ஒட்டினேன். மூடி அவள் விரலுக்குச் சுலபமாகத் திறந்தது. திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள்.

"இது நல்லாருக்குடி" என்றாள். "படிச்ச புள்ள கையில இருந்தா எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு."

இரண்டுமே சின்ன, வட்டமான, மஞ்சள் மாத்திரைகள். அட்டையில் இருந்தவரை பெயர் இருந்தது. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததையும், அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம்தான் மச்சான் ஒரு செல்போன் வாங்கியிருந்தார். ஒரு சாயங்காலம் அதிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பேச்சு குழறலாக இருந்தது.

"வாயெல்லாம் புண்ணாக் கெடக்குடி. சோறு எறங்க மாட்டேங்குது. தேத்தண்ணி குடிச்சாக்கூட எரியுது."

"காய்ச்சல் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. அசதியா வருது. ரெண்டு விரிப்பு அலசுனா உக்காந்துர்றேன்."

நான் அப்போது நூலகத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். மெத்தோட்ரெக்சேட்டால் சிலருக்கு லேசான வாய்ப்புண் வரும். ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டினால் சரியாகும். அது என் ஆய்வுக் குறிப்பிலேயே எழுதியிருந்த விஷயம். பதில் கையில் இருந்ததால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"பயப்படாதக்கா. அந்த ஞாயித்துக்கிழமை மருந்துக்கு இப்பிடி வரும். தினமும் போடுறியே, அந்தச் சத்து மாத்திரைய ஒண்ணுக்கு மூணாப் போடு. அது வெறும் வைட்டமின். எத்தனை போட்டாலும் ஒண்ணும் செய்யாது."

"மூணா?"

"ஆமா. மூணு."

"நான் வேணா கீழ எறங்கி வரவா? அந்த டாக்டரம்மாவ ஒருக்கப் பாத்துறலாம்ல?"

"இந்த மழையில ஏன் அலையிற? ஒரு வாரம் பாரு. சரியாயிரும்."

அவள் சரி என்றாள். நான் சொல்லி அவள் மறுத்ததில்லை. எட்டு நாள் கழித்து மச்சான் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்க அக்காவுக்கு நெருப்பாச் சுடுது. காலெல்லாம் செவப்புச் செவப்பாப் புள்ளி. நான் காரு பிடிச்சுட்டேன். வத்தலக்குண்டு தாண்டி வந்துக்கிட்டிருக்கோம். எந்த ஆஸ்பத்திரிக்கு வரட்டும்?"

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் வாசலில் காத்து நின்றேன். காரிலிருந்து அவளை இறக்கியபோது உதடு முழுவதும் கறுத்துக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கச் சிரமப்பட்டுத் திறந்தாள். "நீ சொன்ன மாதிரியே மூணு மூணாத்தான் போட்டேன் குட்டி. கேக்கல" என்றாள். புகார் சொல்லும் குரல் இல்லை. நான் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று சொல்வது போலிருந்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பணியிலிருந்த மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண்.

"மெத்தோட்ரெக்சேட் எத்தனை நாளா எடுக்கிறாங்க?"

"ஏழு மாசமா. வாரத்துல ஒருநாள் மட்டும்."

"நிச்சயமாத் தெரியுமா? வெள்ளையணு அநேகமா இல்லவே இல்ல. தட்டணுவும் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. இதப் பாத்தா தினமும் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

"நிச்சயம் டாக்டர். நான்தான் பிரிச்சுப் போட்டுக் குடுத்தேன். நான் மருந்தியல் படிக்கிறவ. என் ஆராய்ச்சியே இதுலதான்."

அவர் பரிசோதனைத் தாளை இன்னொரு முறை பார்த்தார். "சரிங்க. எதுக்கும் மாத்து மருந்து ஊசிய இப்பவே ஆரம்பிச்சிடுறேன். வீட்டுல இருக்குற மாத்திரையையெல்லாம் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார்.

மச்சான் அப்போதே பஸ் ஏறினார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு குப்பிகளையும் ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க ஈரம். வாங்கிப் பார்த்தேன். 'தினமும்' என்று ஒட்டியிருந்த குப்பியில் இருந்ததும் மஞ்சள், 'ஞாயிறு' என்று ஒட்டியிருந்ததில் இருந்ததும் மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை. ஆய்வக உதவியாளர் வீட்டுக்குப் போய்ச் சாவியோடு அழைத்து வந்தேன். இரண்டு மாத்திரைகளையும் தனித்தனியே அரைத்து, நீர்த்த காரக் கரைசலில் கரைத்து, வடிகட்டினேன். புற ஊதா ஒளியைக் கரைசலுக்குள் செலுத்தி, எந்த அலைநீளத்தை அது விழுங்குகிறது என்று கோடாக வரைந்து காட்டும் கருவி எங்களிடம் இருந்தது. இந்த இரண்டு மருந்துக்குமே அந்தக் கோட்டில் மூன்று மேடுகள் வரும். முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில். நடு மேடு மட்டும் இடம் மாறும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு வலப்பக்கம் தள்ளி, ஃபோலிக் அமிலத்துக்கு இடப்பக்கம்.

முதலில் 'ஞாயிறு' குப்பி. கோடு ஏறி இறங்கியது. நடு மேடு இடப்பக்கம் இருந்தது.

கரைசல் தயாரிப்பதில் பிழை என்று நினைத்தேன். குடுவையைக் கழுவி, புது மாத்திரை எடுத்து, மறுபடி செய்தேன். இடப்பக்கம். மூன்றாவது முறையும் அதே. அதற்குப் பிறகு 'தினமும்' குப்பி. அதற்கு ஒரே முறை போதுமாக இருந்தது. காகிதத்தைக் கருவியிலிருந்து கிழித்து எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வாய்ப்புண்ணுக்கு மருந்தென்று, புண்ணை உண்டாக்கிய நஞ்சையே மும்மடங்காகப் போடச் சொல்லியிருக்கிறேன். கீழே வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறேன்.

உதவியாளர் வாசலில் நின்று, "தண்ணி கொண்டு வரவா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்போதுதான் குப்பிகளை மறுபடி திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆனால் நான் தடவியது ஆய்வகப் பசை. இந்தக் காகிதங்களின் ஓரத்தில் காய்ந்து வெள்ளையாகத் திரண்டிருந்தது சோற்றுப் பசை. மழை ஈரத்தில் காகிதம் கழன்று விழுந்திருக்கிறது. யாரோ திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அக்காவின் விரலுக்கு அந்த வேலை ஆகாது. அந்த அறையில் இன்னொருவர்தான் இருந்தார்.

மருத்துவமனைக்குத் திரும்பி மருத்துவரிடம் மாத்திரை மாறியதையும் அளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "ஊசி நேத்தே ஆரம்பிச்சாச்சு. ஆனா இது ரொம்ப முந்தியே குடுத்திருக்க வேண்டியது. கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே நடையில் மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து, "என்ன சொல்றாங்க பாப்பா?" என்றார்.

"மருந்து ஒத்துக்கல மச்சான்" என்றேன்.

குப்பிகள் என் கையிலேயே இருந்தன; என் கண் அந்தக் காகிதங்களில் நின்றது. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு முழுவதும் அக்காவுக்கு நினைவு வந்து வந்து போனது. ஒருமுறை என் கையைப் பிடித்து, "லீவு சொல்லியாச்சா?" என்று கேட்டாள். சலவைக் கூடத்துக்குத்தான். சொல்லியாச்சு என்றேன். உன் மருந்து மாறியது என் தப்பு என்று அவளிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது அதுவல்ல என்று நினைத்தேனா, அல்லது என் சொல் எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை என்பதைக் கடைசி வரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேனா, இன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் போய்விட்டாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மலைக்குக் கொண்டுபோய்ச் சரிவிலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். விடுதிப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்கள் போட்டிருந்த கம்பளிச் சட்டைகளை நான் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது சொல்லிவிட வேண்டும் என்று முடிவோடு போனேன். முழுவதையும் அல்ல. என் பங்கை மட்டும். காகிதம் ஒட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்று பஸ்ஸில் பலமுறை ஒத்திகை பார்த்தேன். பூசை முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அறையில் நாங்கள் இருவர்தான். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அக்கா செத்தது என்னாலதான்."

அவர் திரும்பவில்லை.

"ரெண்டு மருந்தையும் அட்டையிலருந்து பிரிச்சு ஒரே மாதிரி டப்பாவுல போட்டேன். அது மாறிப்போச்சு. விஷ மருந்தத்தான் தினமும் சாப்பிட்டிருக்கா. வாய்ப்புண்ணுன்னு சொன்னப்ப நான்தான் மூணாப் போடச் சொன்னேன். கீழ வர்றேன்னா. நான் வேணாம்னுட்டேன்."

"அது எப்பிடி மாறுச்சு?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரியல. ஒரே மாதிரி இருந்துச்சு. மாறிருச்சு."

தண்ணீர் கொதித்தது. இறக்கி வைத்தார். தரையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"லேபிளு நான் ஒட்டுனது பாப்பா. மழ நேரம், செவுரெல்லாம் தண்ணி. காலைல பாத்தா ரெண்டு தாளும் விழுந்து கெடக்கு. அவ சோலிக்குப் போயிட்டா. எனக்குப் பூம்பாறையில பூண்டு லோடு, லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். அவகிட்டக் கேட்டுட்டு ஒட்டலாம்னுதான் நெனச்சேன். பெறகு, எதுல நெறைய இருக்கோ அதுதான தினமும் போடுறதா இருக்கும்னு சோத்த எடுத்து ஒட்டிட்டு ஓடுனேன். சாயந்தரம் சொல்ல மறந்துட்டேன்."

நிறைய இருந்தது ஐந்து மாதத்துக்கு நான் வாங்கிப் போட்ட ஞாயிறு மருந்து; இரண்டரை மாதத்து ஃபோலிக் அமிலம் அதற்குள் தீரப்போகும் நிலையில் இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரில நீ அந்த டப்பாவ கையில வச்சு அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நின்னேல்ல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. நீயாச் சொல்லுவ, சொல்லட்டும்னு இருந்தேன். நீ சொல்லல. என்னக் காப்பாத்துறதுக்குச் சொல்லலன்னு தெரியும்."

"நீங்க படிக்காதவரு மச்சான். நான் படிச்சவ. எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"தமிழ்ல எழுதுனத நான் படிப்பேன்ல" என்றார்.

அவர் அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து தேநீர் கலந்தேன். ஆறும்வரை இருவரும் குடிக்கவில்லை. துக்கத்தைப் பங்கு போட்டால் குறையும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அது குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது.

ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், இந்த வகை மருந்துகளின் நஞ்சு ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். மாற்று மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன், தாமதித்தால் பலன் இல்லை என்றேன். நல்ல பதில் என்று குறித்துக்கொண்டார். புது மூலக்கூறு செய்யும் வேலைக்கு நான் அதற்குப் பிறகு போகவில்லை. ஒரு கல்லூரியில் மருந்துப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மதுரையில் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை உன் கையைப் பிடித்து யார் அழைத்து வருவார்கள் என்று பங்குச் சாமியார் கேட்டபோது, அக்காவின் கணவர் என்றேன். அவர் வருவாரோ என்னவோ என்று எனக்குள் இருந்தது. முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார், புது வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு.

வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கழுத்தில் மாலை கனத்தது. அவர் முன்னால் பார்த்தபடியே மெதுவாக, "உங்க அக்கா இருந்திருந்தா இன்னிக்கு என்ன சேலை கட்டியிருப்பா?" என்று கேட்டார்.

"நீலம்" என்றேன்.

"ஆமா. நீலந்தான் கட்டியிருப்பா."

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவர் கையை நீட்டினார். நாங்கள் நடந்தோம்.